பிரசவத்தோடு நஞ்சுக்கொடி போய்விட்டது, பத்து வருடம் கழித்து ரத்தத்தில் தெரியும் ஆர்என்ஏ யாருடையது?

வைகைக்கரை | 2025 ஜூன் 6, இரவு 9.12

நேரடியாகக் கேட்டுவிடுகிறேன். பிரீஎக்லாம்ப்சியா, அதாவது கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறி உறுப்புகளைப் பாதிக்கும் நோய், வந்த பெண்களுக்குப் பின்னாளில் மாரடைப்பு, பக்கவாத ஆபத்து கூடுதல் என்பது பாடப்புத்தகத்துக்கே வந்துவிட்டது. மிர்-210, மிர்-126, மிர்-155 என்று ஒரு மைக்ரோஆர்என்ஏ (புரதத்தை எழுதாத, மற்ற மரபணுக்களை அடக்கும் குட்டி ஆர்என்ஏ) பட்டியல் கர்ப்பகால ஆய்வுகளிலும் இருக்கிறது, இதயநோய் ஆய்வுகளிலும் இருக்கிறது. அப்படியானால் நஞ்சுக்கொடி அன்றைக்கு ரத்தத்தில் விட்ட ஆர்என்ஏதான் குழாய்களைக் கெடுத்து, இருபது வருடம் கழித்து இதயத்தில் கொண்டுபோய் விடுகிறது என்று சொல்லலாம்தானே? அதை அளந்தால் யாருக்கு இதயநோய் வரும் என்று இப்போதே தெரிந்துவிடாதா?

ஆய்வக மேசை | ஜூன் 6, இரவு 10.40

சொல்ல முடியாது. ரெண்டு பட்டியலிலும் ஒரே பெயர் இருக்கிறது என்பதற்காக ரெண்டு இடத்திலும் வந்தது ஒரே ஆள் என்று ஆகிவிடாது.

நஞ்சுக்கொடிக்கே உரிய மைக்ரோஆர்என்ஏ என்று ஒரு கூட்டம் உண்டு. 19ஆம் குரோமோசோமில் நாற்பத்தாறு மரபணுக்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. மிர்-517ஏ, மிர்-518பி, மிர்-520 எல்லாம் அதில்தான். அப்பாவிடமிருந்து வந்த பிரதி மட்டும் வேலை செய்யும். கர்ப்ப காலத்தில் தாயின் ரத்தத்தில் இவை ஏராளம். நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் வேகமாக இறங்கிவிடும். ஹாங்காங் குழு 2008லேயே நஞ்சுக்கொடி மைக்ரோஆர்என்ஏக்கள் பிரசவத்துக்குப் பின் தாயின் பிளாஸ்மாவிலிருந்து (செல்கள் நீக்கிய ரத்த நீரிலிருந்து) மறைவதைக் காட்டிவிட்டது. பத்து வருடம் கழித்து எடுக்கும் ரத்தத்தில் அவை இருக்க வழியே இல்லை.

நீங்கள் சொன்ன மூன்றும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை அல்ல. மிர்-210 ஆக்சிஜன் குறையும் எந்தத் திசுவிலும் ஏறும். மிர்-126 ரத்தக்குழாய் உட்சுவர்ச் செல்லுடையது, ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டிலும் நிறைய இருக்கும். மிர்-155 நோய் எதிர்ப்புச் செல்களில் அதிகம். நாற்பது வயதில் இந்த மூன்றும் மாறியிருந்தால் அது அந்தப் பெண்ணின் சொந்தக் குழாயும் சொந்த ரத்தச் செல்லும் பேசுவது. நஞ்சுக்கொடி அங்கே இல்லை.

பிரசவ வார்டு | ஜூன் 7, காலை 6.25

புதிதாகப் படிப்பவர்களுக்காக அடிப்படையை வைத்துவிட்டுப் போகிறேன்.

கர்ப்பத்தின் 20 வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் புதிதாக 140/90 அல்லது அதற்கு மேல், நான்கு மணி நேர இடைவெளியில் ரெண்டு தடவை. கூடவே சிறுநீரில் புரதம் 24 மணி நேரத்தில் 300 மி.கி. அல்லது அதற்கு மேல். புரதம் இல்லாவிட்டாலும் பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழே, கிரியேட்டினின் 1.1க்கு மேலே, கல்லீரல் என்சைம் இரட்டிப்பு, நுரையீரலில் நீர், விடாத தலைவலி, பார்வை மங்கல் இவற்றில் ஒன்று இருந்தாலும் பிரீஎக்லாம்ப்சியாதான். 2013க்குப் பிறகு புரதம் கட்டாயம் இல்லை. 160/110 தொட்டால் தீவிரம்.

பின்னாள் ஆபத்துக்கு எல்லோரும் காட்டும் எண்கள் 2007இல் வந்த பெரிய தொகுப்பாய்விலிருந்து: உயர் ரத்த அழுத்தம் 3.7 மடங்கு, இதய ரத்தக்குழாய் நோய் 2.16 மடங்கு, பக்கவாதம் 1.81 மடங்கு. 2017இல் வந்த இன்னொரு தொகுப்பாய்வில் இதயச் செயலிழப்பு நாலு மடங்கு. குறைமாதத்தில் பிரசவம் ஆகவேண்டி வந்தவர்களின் கணக்கு இன்னும் மோசம். நார்வேயின் 2001 ஆய்வில் அவர்களுக்கு இதயநோய் மரணம் எட்டு மடங்கு. 33 வாரத்தில் வந்த பிரீஎக்லாம்ப்சியாவையும் 39 வாரத்தில் வந்ததையும் ஒரே கூடையில் போட்டு ஆர்என்ஏ தேடினால் என்ன கிடைக்கும்?

ஆய்வக மேசை | ஜூன் 7, காலை 11.05

டாக்டர் கடைசியில் கேட்டதுதான் இந்தத் துறையின் பாதிக் குழப்பம். நஞ்சுக்கொடித் திசுவை ஒப்பிடும் ஆய்வுகளில் நோயுள்ள நஞ்சுக்கொடி 32 வாரத்தில் சிசேரியனில் எடுத்தது. ஒப்பீட்டுக்கு வைத்தது 39 வாரத்தில் சுகப்பிரசவத்தில் வந்தது. 19ஆம் குரோமோசோம் கூட்டம் கர்ப்பம் வளர வளர மாறும். பிரசவ வலி வந்தாலே நஞ்சுக்கொடிக்கு ரத்தம் விட்டு விட்டுப் போகும், ஆக்சிஜன் குறையும்போது எழும் மரபணுக்கள் எல்லாம் எழும். அங்கே கிடைக்கும் வித்தியாசத்தில் நோயின் பங்கு எவ்வளவு, ஏழு வார இடைவெளியின் பங்கு எவ்வளவு, வலியின் பங்கு எவ்வளவு என்று பிரிக்கவே முடியாது.

வழி ஒன்றுதான். நோய் இல்லாமல் வேறு காரணத்தால் அதே வாரத்தில் பிறந்த குறைப்பிரசவங்களை இரண்டாவது ஒப்பீட்டுக் குழுவாக வைக்கவேண்டும். அவர்களிலும் தொற்று, பனிக்குடம் உடைதல் என்று தனிப் பிரச்சினை இருக்கும். ஆனாலும் அந்தக் குழு இல்லாத ஆய்வைவிட அது மேல்.

திசு எடுக்கும் விதமும் சேர்த்து. பிறந்து 30 நிமிடத்துக்குள் எடுங்கள். தொப்புள்கொடி ஒட்டும் இடத்துக்கும் ஓரத்துக்கும் நடுவில், நாலு பக்கமும் ஒவ்வொரு துண்டு. தாய்ப்பக்க மேல்தோலையும் குழந்தைப்பக்கச் சவ்வையும் சீவித் தள்ளிவிட்டு நடுவில் இருக்கும் விரல்திசுவை மட்டும் எடுக்கவேண்டும். வெள்ளையாக இறுகிப்போன இடம், ரத்தம் கட்டிய இடம் தவிர்க்கவேண்டும். குளிர்ந்த உப்புக்கரைசலில் அலசி ரத்தத்தைப் போக்குங்கள். துண்டு அரை சென்டிமீட்டருக்கு மேல் தடித்தால் பாதுகாப்புத் திரவம் உள்ளே இறங்காது, நடுப்பகுதி ஆர்என்ஏ சிதைந்துவிடும். ஓர் இரவு 4 டிகிரி, பிறகு மைனஸ் 80. ஒரே துண்டை மட்டும் எடுத்தவர்கள் அந்த நஞ்சுக்கொடியின் ஒரு மூலையைத்தான் அளந்திருக்கிறார்கள்.

வைகைக்கரை | ஜூன் 7, மாலை 7.50

திசு புரிந்தது. என் கேள்வி ரத்தத்தைப் பற்றியது. பிளாஸ்மாவில் அளப்பது எளிதுதானே? மைக்ரோஆர்என்ஏ ரொம்ப உறுதியானது, கெடாது என்கிறார்களே.

ஆய்வக மேசை | ஜூன் 8, காலை 9.30

கெடாது என்பது உண்மை. பிளாஸ்மாவில் பெரும்பகுதி ஆர்கோனாட் என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு இருக்கிறது, ஒரு பங்கு நுண்பைகளுக்குள் இருக்கிறது. அதனால் ரத்தத்தில் திரியும் ஆர்என்ஏ வெட்டும் என்சைம்கள் அதைத் தொடுவதில்லை. தொந்தரவு வேறு பக்கத்தில் இருந்து வருகிறது. ரத்தம் எடுக்கும் கையில் இருந்து.

சிவப்பணுவுக்குள் மிர்-451ஏ, மிர்-16, மிர்-486, மிர்-92ஏ நிரம்பி இருக்கும். நாலு சிவப்பணு உடைந்தாலே பிளாஸ்மாவில் இவை குதித்துவிடும். கை வீங்கிய கர்ப்பிணியிடம் நரம்பு கிடைக்காமல், கட்டிய பட்டையை ரெண்டு நிமிடம் விட்டு, மெல்லிய 24ஆம் எண் கேனுலா வழியாகச் சிரிஞ்சால் இழுத்தால் உடையாமல் என்ன செய்யும்? 21ஆம் எண் ஊசி, பட்டை ஒரு நிமிடத்துக்குள், வெற்றிடக் குழாய் தானாக நிரம்பட்டும். ஊதா மூடிக் குழாய். பச்சை மூடி வேண்டாம், அதில் ஹெப்பாரின் இருக்கிறது. ஆர்என்ஏவைப் பெருக்கி அளக்கும் பிசிஆர் சோதனையின் என்சைமை ஹெப்பாரின் நிறுத்திவிடும். ரத்தக்கட்டு வராமல் இருக்க ஹெப்பாரின் ஊசி போட்டுக்கொண்டிருப்பவரின் ரத்தத்திலும் இதே சிக்கல்தான். அதற்கு ஹெப்பாரினேஸ் சேர்க்கவேண்டும்.

ரெண்டு மணி நேரத்துக்குள் சுழற்றுங்கள். முதலில் 1,500 ஜி விசையில் 10 நிமிடம். மேலே நிற்கும் பிளாஸ்மாவை எடுக்கும்போது செல் அடுக்குக்கு மேலே அரை சென்டிமீட்டர் விட்டுவிடவேண்டும். ஆசைப்பட்டு அடிவரைக்கும் உறிஞ்சினால் பிளேட்லெட் வந்துவிடும், அதோடு மிர்-223, மிர்-126, மிர்-21 எல்லாம் வரும். எடுத்ததை 2,500 ஜி விசையில் இன்னொரு 15 நிமிடம். அதற்குப் பிறகு சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து மைனஸ் 80. உறையவைத்த பிறகு ரெண்டாவது சுழற்று வேலைக்கு ஆகாது, உறைந்ததிலேயே பிளேட்லெட் உடைந்துவிட்டிருக்கும்.

பிரித்தெடுக்கும்போது 200 மைக்ரோலிட்டர் பிளாஸ்மாவுக்கு ஐந்து மடங்கு ஃபீனால் கரைசல், அதாவது 1 மி.லி. ஐந்து நிமிடம் அப்படியே விட்டு, அதற்குப் பிறகுதான் மனிதரிடம் இல்லாத, புழுவின் மிர்-39ஐக் கட்டுப்பாடாகச் சேர்க்கவேண்டும். முன்னாலேயே சேர்த்தால் பாதுகாப்பில்லாத அந்த ஆர்என்ஏவைப் பிளாஸ்மாவின் என்சைம் ஒரே நொடியில் தின்றுவிடும். பிறகு கட்டுப்பாட்டு எண் குறைவாக வந்து, மற்ற எண்களை எல்லாம் பொய்யாக உயர்த்திவிடும்.

உடைந்த ரத்தத்தைக் கண்டுபிடிக்க ரெண்டு வழி. 414 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் 0.2க்கு மேல் போனால் சந்தேகம். இன்னும் கூர்மையானது: மிர்-23ஏ, மிர்-451ஏ ரெண்டின் சுழற்சி எண் (பிசிஆரில் எத்தனையாவது சுற்றில் தெரிகிறது என்பது) வித்தியாசம். ஐந்துக்குக் கீழ் என்றால் சரி. ஏழைத் தாண்டினால் அந்த மாதிரியைத் தள்ளிவிடவேண்டியதுதான்.

பிரசவ வார்டு | ஜூன் 8, மதியம் 1.15

தள்ளிவிடலாம் என்கிறீர்கள். பிரீஎக்லாம்ப்சியாவின் தீவிர வடிவமான ஹெல்ப் சிண்ட்ரோம் வந்த பெண்ணின் மாதிரியையுமா? அவருக்கு நோயே சிவப்பணு உடைவதுதானே. சுத்தமாக எடுத்தாலும் பிளாஸ்மா சிவப்பாகத்தான் இருக்கும்.

ஆய்வக மேசை | ஜூன் 8, மதியம் 3.40

மேடம், இது சரியான அடி. மேலே எழுதியதைத் திருத்துகிறேன். ஹெல்ப்பில் மிர்-451ஏ ஏறுவது ஊசியின் குற்றமா, நோயின் அடையாளமா என்று அந்த ஓர் எண்ணை வைத்துப் பிரிக்க முடியாது. மாதிரியைத் தள்ளினால் மிகத் தீவிரமான நோயாளிகளையே ஆய்விலிருந்து தள்ளிவிடுகிறோம். வைத்துக்கொண்டால் சிவப்பணு ஆர்என்ஏ முழுவதும் நோயின் பெயரில் எழுதப்படுகிறது.

செய்யக்கூடியது: எடுக்கும்போதே குழாயில் நேரம், எந்தக் கை, எத்தனை முறை குத்தியது, ஊசியா கேனுலாவா என்று எழுதிவிடுவது. சிவப்பணு உடைவைக் காட்டும் அன்றைய எல்டிஎச், ஹாப்டோகுளோபின், பில்ரூபின் அளவுகளைச் சேர்த்து வைப்பது. ஹாப்டோகுளோபின் தரைமட்டத்தில் இருந்தால் உடைவு உடம்புக்குள் நடந்தது. சாதாரணமாக இருந்து பிளாஸ்மா மட்டும் சிவந்திருந்தால் குழாயில் நடந்தது. சிவப்பணுவில் இருக்கும் மைக்ரோஆர்என்ஏக்களை ஹெல்ப் ஆய்வில் அடையாளக்குறியாக அறிவிக்கவே கூடாது. மிர்-16ஐ ஒப்பீட்டு அளவுகோலாக வைத்த பழைய ஆய்வுகள் ஏராளம். ஹெல்ப் சேர்ந்த குழுவில் அந்த அளவுகோலே நீண்டுவிடும், அளக்கப்பட்டதெல்லாம் குட்டையாகத் தெரியும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்கிறேன். எல்லோரும் ஒரே 200 மைக்ரோலிட்டர் எடுக்கிறார்கள். கர்ப்பத்தில் பிளாஸ்மா அளவு நாற்பது, ஐம்பது சதவீதம் கூடும். பிரீஎக்லாம்ப்சியாவில் அது அந்த அளவுக்குக் கூடுவதில்லை, ரத்தம் கெட்டியாக இருக்கும். அதே அளவு ஆர்என்ஏ குறைந்த நீரில் இருந்தால் அடர்த்தி தானாகவே கூடும்.

இதயத்துடிப்பு | ஜூன் 9, இரவு 8.20

இருதயப் பக்கத்திலிருந்து ஒன்று. மிர்-126ஐப் பற்றி. ஆஸ்பிரின் சாப்பிடுபவர்களுக்கு பிளாஸ்மாவில் மிர்-126 குறையும் என்று 2013இலேயே வந்துவிட்டது. பிளேட்லெட் கிளர்வது குறைந்தால் அது விடும் ஆர்என்ஏவும் குறையும்.

ஆய்வக மேசை | ஜூன் 9, இரவு 9.05

இதைப் படித்த பிறகு ஜூன் 6இல் நான் எழுதியதை இன்னும் இறுக்கவேண்டும். மிர்-126 "குழாய் உட்சுவர்ச் செல்லுடையது" என்று எழுதினேன். பிளாஸ்மாவில் அளக்கும்போது பெரும்பங்கு பிளேட்லெட்டுடையதாக இருக்கலாம் என்பதை முன்னால் வைத்திருக்கவேண்டும்.

கர்ப்பத்தில் இது எங்கே கடிக்கிறது என்று பாருங்கள். 11 முதல் 14 வாரத்துக்குள் தொடங்கி 36 வாரம் வரை இரவில் 150 மி.கி. ஆஸ்பிரின். 2017 ஆஸ்ப்ரே ஆய்வில் 1,776 பெண்கள், குறைமாத பிரீஎக்லாம்ப்சியா 4.3 சதவீதத்திலிருந்து 1.6 ஆக இறங்கியது. அதற்குப் பிறகு ஆபத்து அதிகம் என்று கணிக்கப்பட்டவர்கள் ஆஸ்பிரினில் இருக்கிறார்கள், ஆபத்து இல்லாதவர்கள் இல்லை. ரெண்டு குழுவின் மிர்-126ஐ ஒப்பிட்டால் ஆஸ்பிரினை அளந்துவிட்டு நோயை அளந்ததாக நினைத்துக்கொள்வோம். நாற்பது வயதில் இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடும் பெண்ணிடமும் அதே கதை. மாத்திரை விவரம் இல்லாத மிர்-126 அட்டவணையை நம்பவேண்டாம்.

வைகைக்கரை | ஜூன் 10, காலை 7.00

அப்படியானால் எதுதான் நிற்கிறது?

ஆய்வக மேசை | ஜூன் 10, இரவு 11.20

நிற்பவை இருக்கின்றன.

மிர்-210. 2007இல் முதலில் நஞ்சுக்கொடியில் தெரிந்தது, அதற்குப் பிறகு வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு கைகளில் திரும்பத் திரும்பக் கிடைக்கிறது. ஆக்சிஜன் குறைந்தால் எச்ஐஎஃப் என்ற புரதம் இதை எழுப்பும். எழுந்தது மைட்டோகாண்ட்ரியாவுக்கு இரும்பு–கந்தகக் கட்டு செய்யும் ஐஎஸ்சியு புரதத்தை அடக்கும். செல் மூச்சைக் குறைத்துக்கொள்ளும். கருப்பைச் சுவரில் ஊடுருவிச் சுருள் தமனிகளை அகலப்படுத்தவேண்டிய செல்கள் நகர்வதையும் இது தடுக்கிறது. மாரடைப்பில் இதயத் தசையிலும் ஏறுவது இதே மிர்-210தான். அங்கே ஏறுவதற்குக் காரணமும் அதே ஆக்சிஜன் குறைவுதான். உங்கள் முதல் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் என்னிடம் இல்லை: ஒரே எச்சரிக்கை மணி ரெண்டு வீட்டில் அடிக்கிறது.

நீள ஆர்என்ஏக்களில் எச்19, மாலட்1, மெக்3 என்று கட்டுரைகள் குவிகின்றன. எனக்கு அழுத்தமாகத் தெரிவது 2012இல் நெதர்லாந்துக் குழு ஹெல்ப் குடும்பங்களில் கண்டது. 12ஆம் குரோமோசோமில் 2,05,000 எழுத்து நீளத்துக்கு, எந்தப் புரதத்தையும் எழுதாத ஓர் ஆர்என்ஏ. குடும்ப மரபணுத் தொடர்ச்சியைப் பிடித்துக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தார்கள். பட்டியலில் மேலே வந்ததை எடுத்துக்கொண்டு கதை எழுதவில்லை. அதனால்தான் மதிக்கிறேன்.

செல் வளர்ப்பில் காட்டுவதைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நோயில் ஏறியது ரெண்டு மடங்கு, அதாவது பிசிஆரில் ஒரே ஒரு சுழற்சி வித்தியாசம். தட்டில் ஊற்றும் செயற்கைப் பிரதி 50 நானோமோலார் என்றால் செல்லுக்குள் ஆயிரக்கணக்கான மடங்கு கூடும். அந்த வெள்ளத்தில் எந்த மரபணுவும் அடங்கும். உள்ளே ஏற்கெனவே இருப்பதைத் தடுத்துப் பார்த்து, எதிர்த்திசையில் அதே விளைவு வருகிறதா என்று காட்டியிருந்தால் மட்டும் மேலே படிக்கலாம்.

எண்ணும் எழுத்தும் | ஜூன் 12, மாலை 4.45

2022இல் நேச்சரில் வந்த ரத்த ஆர்என்ஏ ஆய்வுகளைப் பற்றி யாரும் பேசவில்லையே. 1,840 கர்ப்பங்கள், 2,539 மாதிரிகள், பிரசவத்துக்குச் சராசரியாக 14.5 வாரம் முன்பே கணிப்பு. 75 சதவீதத்தைப் பிடித்தது. இது ஆர்என்ஏ பரிசோதனை வேலை செய்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லையா?

ஆய்வக மேசை | ஜூன் 12, இரவு 10.10

நல்ல ஆய்வு. ஆனால் ரெண்டு விஷயம். அங்கே எண்ணப்பட்ட ஆர்என்ஏ பெரும்பாலும் புரதத்தை எழுதும் தூது ஆர்என்ஏ. நம் விவாதம் புரதத்தை எழுதாத ஆர்என்ஏ பற்றியது. "ரத்த ஆர்என்ஏ" என்ற ஒரே சொல்லின் கீழ் ரெண்டையும் வைத்துவிடுகிறார்கள். ரெண்டாவது, 75 சதவீதத்தோடு 32 சதவீதத்தையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பரிசோதனை "வரும்" என்று சொன்ன மூவரில் ஒருவருக்குத்தான் வந்தது. அது கர்ப்பத்துக்குள் நடக்கும் கணிப்பு, இருபது வருடத்துக்குப் பிந்தைய இதயத்தைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

இன்றைக்கு மருத்துவமனையில் கையில் இருப்பது ஆர்என்ஏ அல்ல, ரெண்டு புரதம். 2003இல் பாஸ்டனில், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த அனந்த் கருமஞ்சியின் ஆய்வகம் கரையும் ஃப்ளிட்-1 என்ற புரதம் பிரீஎக்லாம்ப்சியாவில் ஏறியிருப்பதைக் கண்டது. நஞ்சுக்கொடி அதை அதிகமாக விடும்போது குழாய்களைக் காக்கும் வளர்ச்சிக் காரணிகளை அது பிடித்து வைத்துக்கொள்கிறது. கருவுற்ற எலிக்கு அதை ஏற்றினால் ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், சிறுநீரக நுண்குழாய் வீக்கம் மூன்றும் வந்தன. அதற்கும் நஞ்சுக்கொடி வளர்ச்சிக் காரணிக்கும் உள்ள விகிதம் 38 அல்லது அதற்குக் கீழ் என்றால் அடுத்த ஒரு வாரத்துக்கு பிரீஎக்லாம்ப்சியா வராது என்று 99 சதவீதத்துக்கு மேல் நம்பிச் சொல்லலாம். இதைக் காட்டிய ஆய்வு 2016இல் வந்தது. இந்த விகிதத்தோடு போட்டி போட்டு வெல்லாத வரைக்கும் மைக்ரோஆர்என்ஏ பட்டியல் வார்டுக்குள் வராது.

ஆய்வக மேசை | ஜூன் 12, இரவு 10.55

மேலே விட்டுப்போனது. புரதத்தை எழுதாத ஆர்என்ஏ மருந்தாக வந்தால்? 2018இல் கருமஞ்சியும் சேர்ந்த ஓர் அணி பபூன் குரங்குகளில் செய்தது இது. ஃப்ளிட்-1 மரபணுவிலிருந்து முழு ஏற்பியும் வரும், பாதியில் முடிந்த கரையும் வடிவமும் வரும். பாதி வடிவத்தின் ஆர்என்ஏக்களுக்கு மட்டும் தனி வால்கள் உண்டு. ஏனென்றால் அவை இன்ட்ரானுக்குள்ளேயே, அதாவது வழக்கமாக வெட்டி எறியப்படும் பகுதிக்குள்ளேயே, முடிந்துவிடுகின்றன. அந்த வால்களை மட்டும் வெட்டும்படி குட்டி ஆர்என்ஏ செய்தார்கள். குழாய்களுக்கு வேண்டிய முழு ஏற்பி தொடப்படவில்லை. ஒரே ஊசியில் கரையும் வடிவம் பாதியாக இறங்கி, ரத்த அழுத்தமும் குறைந்தது.

ஏன் குரங்கு? அந்த வால்களில் ஒன்று குரங்கு, மனிதர் வர்க்கத்தில் மட்டுமே இருக்கிறது. 19ஆம் குரோமோசோம் கூட்டமும் அப்படித்தான், சுண்டெலியிடம் அது கிடையாது. சுண்டெலியில் மைக்ரோஆர்என்ஏவை நிரூபித்துவிட்டோம் என்று ஒரு கட்டுரை சொன்னால் எந்த மைக்ரோஆர்என்ஏ என்று முதலில் பாருங்கள்.

இதயத்துடிப்பு | ஜூன் 15, காலை 10.30

தலைப்புக் கேள்விக்குத் திரும்புவோம். குழாய் கெட்டது பிரீஎக்லாம்ப்சியாவாலா, அல்லது குழாய் ஏற்கெனவே பலவீனமாக இருந்ததால் பிரீஎக்லாம்ப்சியா வந்ததா?

ஆய்வக மேசை | ஜூன் 15, மாலை 6.15

ரெண்டுக்கும் சாட்சி இருக்கிறது. நார்வேயின் ஹண்ட் ஆய்வில் கர்ப்பத்துக்கு முன்பே எடை, ரத்த அழுத்தம், கொழுப்பு அளந்து வைத்திருந்தார்கள். பிறகு காணும் வித்தியாசத்தில் பெரும்பகுதி முன்பிருந்தே இருந்தது. அதாவது கர்ப்பம் ஓர் ஓட்டப் பரிசோதனை, ஏற்கெனவே இருந்த பலவீனத்தை வெளியே காட்டியது. எதிர்ப்பக்கத்தில், சுண்டெலிக்குக் கர்ப்பத்தில் கரையும் ஃப்ளிட்-1 ஏற்றி, பிரசவமாகி ரெண்டு மாதம் கழித்து, ரத்த அழுத்தம் எல்லாம் சரியான பிறகு, கழுத்துத் தமனியில் காயம் செய்தார்கள். பிரீஎக்லாம்ப்சியா அனுபவித்த எலியின் தமனி அதிகமாகத் தடித்தது. அந்த எலிகளிடம் முன்பலவீனம் கிடையாது. ஆகவே தழும்பும் உண்டு.

பிராகில் ஒரு குழு, கர்ப்பச் சிக்கல் வந்த பெண்களிடம் 3 முதல் 11 வருடம் கழித்து முழு ரத்தத்தில் இதயநோயோடு தொடர்புடைய 29 மைக்ரோஆர்என்ஏக்களை அளந்தது. பலவற்றில் மாற்றம் இருந்தது, மற்ற எண்கள் சரியாக இருந்தவர்களிடமும் கூட. நான் இதை மதிக்கிறேன். ஆனால் முழு ரத்தம் என்றால் அளக்கப்படுவது பெரும்பாலும் ரத்தச் செல்லின் உள்ளே இருப்பது. கர்ப்பத்துக்கு முந்தைய மாதிரி இல்லாமல் அது தழும்பா, பிறவி அடையாளமா என்று அந்த அளவு சொல்லாது. இதைத் தீர்க்க ஒரே வடிவம்: கருத்தரிக்கும் முன் ஒரு மாதிரி, 12 வாரத்தில், 28 வாரத்தில், பிரசவத்துக்கு மறுநாள், ஆறாவது வாரம், ஒரு வருடம், பிறகு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை. எல்லாம் ஒரே பெண்ணிடமிருந்து, ஒரே முறையில் எடுத்த பிளாஸ்மா.

பிரசவ வார்டு | ஜூன் 16, காலை 5.50

அது வரும்வரை இந்தப் பெண்கள் காத்திருக்க முடியாது. பிரசவமான மூன்றிலிருந்து ஆறாம் நாளுக்குள் ரத்த அழுத்தம் மறுபடி ஏறும். அந்த நாளில் அவர் வீட்டில் இருக்கிறார், குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறார், தலைவலி தூக்கம் இல்லாததால் என்று நினைத்துக்கொள்கிறார். தீவிரமாக இருந்தவருக்கு 72 மணி நேரத்துக்குள் ஒரு முறை, மற்றவர்களுக்கு 7 முதல் 10 நாளுக்குள் அளந்தே ஆகவேண்டும். நிஃபெடிபின், லேபெட்டலால், எனலாப்ரில் மூன்றும் பால் கொடுக்கும்போது தரலாம்.

இங்கே செலவழிக்கும் உழைப்பு வீண் அல்ல என்பதற்கு ஆக்ஸ்போர்டின் 2023 ஆய்வு இருக்கிறது. 220 பெண்கள். பாதிப்பேர் வீட்டிலேயே அளந்து கைபேசி வழியே அனுப்ப, மருத்துவர் மாத்திரையைத் திருத்தினார். ஒன்பது மாதம் கழித்து, பெரும்பாலோர் மாத்திரையை நிறுத்திய பிறகும், 24 மணி நேர கீழ் அழுத்தம் மற்றவர்களைவிட 5.8 குறைவாக நின்றது. சில வாரக் கவனிப்பு பல மாதம் நீடித்தது.

இதயத்துடிப்பு | ஜூன் 16, இரவு 9.40

அமெரிக்க இருதயச் சங்கம் 2011லேயே பிரீஎக்லாம்ப்சியாவை ஆபத்துக் காரணிப் பட்டியலில் சேர்த்துவிட்டது. 2018 கொழுப்பு வழிகாட்டியிலும் இருக்கிறது. ஆனால் 45 வயதுப் பெண் நெஞ்சு இறுக்கம் என்று வரும்போது சர்க்கரை உண்டா, புகை உண்டா, அப்பாவுக்கு அட்டாக் உண்டா என்று கேட்கிறோம். "உங்க பிரசவத்தில பிரஷர் இருந்துச்சாம்மா?" என்று கேட்பதில்லை. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டு வாசலுக்கே வந்து பிரஷர் பார்க்கிறார்கள். அந்தப் படிவத்தில் இந்த ஒரு கேள்வி சேர்ந்தால் எந்த ஆர்என்ஏவும் வேண்டாம்.

ஆய்வக மேசை | ஜூன் 17, காலை 8.05

ஆர்என்ஏ வேண்டாம் என்பதை மட்டும் ஏற்கமாட்டேன். பிரீஎக்லாம்ப்சியா வந்த எல்லோருக்கும் இதயநோய் வருவதில்லை. யாருக்கு வரும் என்று பிரிக்க இன்றைக்கு நம்மிடம் கருவி இல்லை. அந்த இடம் ஆர்என்ஏவுக்குக் காலியாக இருக்கிறது. சுத்தமாக எடுத்த ரத்தம் இருந்தால்தான் நிரம்பும். மற்றபடி கேள்வி கேட்பதில் உங்களோடு இருக்கிறேன். ஆனால் இருபது வருடம் கழித்துக் கேட்டால் அவருக்கு வாரம், எண் நினைவிருக்குமா?

பிரசவ வார்டு | ஜூன் 17, மதியம் 2.30

இருக்காது. அதனால் டிஸ்சார்ஜ் சீட்டில் "பிஐஎச், சிசேரியன்" என்று ரெண்டு சொல்லோடு நிறுத்தவேண்டாம் (பிஐஎச் என்றால் கர்ப்பகால ரத்த அழுத்தம்). இப்படி எழுதினால் போதும்:

பிரீஎக்லாம்ப்சியா, 33 வாரத்தில் தெரிந்தது. அதிகபட்சம் 168/112. சிறுநீர்ப் புரதம் 3+. மிகக் குறைந்த பிளேட்லெட் 92,000. 34 வாரத்தில் சிசேரியன், குழந்தை எடை 1.7 கிலோ. ஆஸ்பிரின் 150 மி.கி. 13ஆம் வாரத்திலிருந்து. ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு: மூன்றாம் மாதத்தில் ஒரு முறை, பிறகு வருடம்தோறும். அடுத்த கர்ப்பத்தில் 12 வாரத்துக்குள் வரவும். இந்தச் சீட்டை இதய மருத்துவரிடமும் காட்டவும்.

வைகைக்கரை | ஜூன் 17, இரவு 8.15

அக்காவின் பிரசவச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். 2014. "பிஐஎச், எல்எஸ்சிஎஸ்" என்று மட்டும் இருக்கிறது (எல்எஸ்சிஎஸ் என்றால் சிசேரியன்). நாளைக் காலையில் பிரஷர் பார்க்கக் கூட்டிப்போகிறேன்.